ஒரே பத்திரத்தில் இரு பங்கு

(சேத்தியாத்தோப்பில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2011ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தொடங்கி, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் பயின்ற மாணவர்களுக்கு நம் மாநில அரசு மடிக்கணினி வழங்கியதையும், அவற்றுள் ஒன்று வந்து சேர்ந்த வீடுகள் இந்தச் சேத்தியாத்தோப்பிலும் புவனகிரி, சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களிலும் பல உண்டு என்பதையும் நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. ஆனால் அந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு கூடப் பாஸ் லினக்ஸ் என்ற இயக்குதளமும் ஏற்றப்பட்டிருந்தது என்பதும், அதைச் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கி 2007இல் முதன்முதலாக வெளியிட்டார்கள் என்பதும், அதற்கு ஆதாரமான லினக்ஸ் கெர்னல் என்னும் அடிப்படை நிரலின் ஒவ்வொரு வரியும் எவரும் வாசிக்கும்படி திறந்து கிடக்கிறது என்பதும் அவ்வளவாகப் பிரஸ்தாபிக்கப்படாத விஷயங்கள். திறந்து கிடக்கும் அந்தக் கிரந்தத்தில் ஒரு பக்கத்தை மட்டும் இன்று உங்கள் முன் விரித்து வைக்க விரும்புகிறேன்.

மாணவன் ஒருவன் மடிக்கணினியைத் திறந்து வைஃபையை இயக்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு க்ஷணத்தில், வைஃபை சிப்பை ஆளுகிற டிரைவர் என்னும் சிறு நிரல், கெர்னலிடம் நினைவகத்தில் கொஞ்சம் இடம் கேட்கிறது. கெர்னல் ஒரே துண்டாக இடம் தருகிறது. அந்த ஒரே துண்டுக்குள், வெவ்வேறு மனிதர்கள் வெவ்வேறு காலத்தில் எழுதிய ஸ்டிரக்சர்கள் மூன்று, நான்கு, ஒன்றையடுத்து ஒன்றாக அமர்ந்துகொள்கின்றன. அவை எப்படி அமர்கின்றன, எந்த நியதிக்கு உட்பட்டு அமர்கின்றன, அந்த நியதி தவறினால் விளையும் அனர்த்தம் யாது என்பதே என் பொருள்.

முதலில் ஸ்டிரக்சர் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கி வந்த காலத்தில், 1973ஆம் ஆண்டு யூனிக்ஸ் கெர்னலை அம்மொழியிலேயே திரும்ப எழுத முற்பட்டபோது, பலவகைச் செய்திகளை ஓர் இடத்தில் கட்டி வைக்கும் வசதியாக ஸ்டிரக்சர் அம்மொழிக்குள் வந்து சேர்ந்திருந்தது. அதன் உறுப்புகள் எழுதிய வரிசையிலேயே, ஏறுமுகமான முகவரிகளில் அமைய வேண்டும். அவ்வரிசையை மாற்ற, நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாகப் பெயர்த்துத் தரும் கம்பைலருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் உறுப்புகளுக்கு நடுவே இடைவெளி விட அதற்குப் பூரண சுதந்திரம் உண்டு. ஒரு பைட் அளவுள்ள எழுத்து, நான்கு பைட் அளவுள்ள எண், மறுபடியும் ஒரு பைட் எழுத்து என்று மூன்று உறுப்புகளை இந்த வரிசையில் எழுதினால், கூட்டுத்தொகை ஆறு பைட்டுத்தானே என்று நாம் நினைப்போம். சாதாரணமான கணினியில் அது பன்னிரண்டு பைட் பிடிக்கிறது. எண்ணானது நான்கால் வகுபடும் முகவரியில்தான் தொடங்க வேண்டும் என்பதால் முதல் எழுத்துக்குப் பின் மூன்று பைட்டும், இப்படிப்பட்ட ஸ்டிரக்சர்கள் பல வரிசையாக நின்றாலும் ஒழுங்கு கெடாதிருக்க வேண்டும் என்பதால் கடைசியில் மூன்று பைட்டும் வெறுமையாக விடப்படுகின்றன. எண்ணை முதலில் எழுதி இரண்டு எழுத்துகளையும் பின்னால் எழுதினால் எட்டு பைட்டில் காரியம் முடிந்துவிடும். இந்த வெற்றிடத்தைத் தொழிலில் இருப்போர் பேடிங் என்றும், இன்ன எண்ணால் வகுபடும் முகவரியில் தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையை அலைன்மென்ட் என்றும் சொல்லுகிறார்கள்.

ஒரு ஸ்டிரக்சருக்குள் உறுப்புகள் அடுத்தடுத்து இருப்பது மொழியின் வாக்குறுதி. ஆனால் இரண்டு ஸ்டிரக்சர்களுக்குத் தனித்தனியே இரண்டு முறை இடம் கேட்டால், அவை நினைவகத்தில் அருகருகே அமையும் என்று ஒருக்காலும் நம்பலாகாது. ஒன்று வட கோடியிலும் மற்றொன்று தென் கோடியிலும் கிடக்கலாம். அடுத்தடுத்து இருக்க வேண்டுமானால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே முறை இடம் கேட்டு, அதை நாமே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். டிரைவர் எழுதுவோர் செய்வது இதைத்தான்.

ஏன் பங்கிட வேண்டும்? கெர்னலின் மையப் பகுதிக்கு, ஒவ்வொரு வலைச்சாதனத்தைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டிய பொதுச் செய்திகள் உண்டு. பெயர், முகவரி, அனுப்பிய தரவுப் பொட்டலங்களின் கணக்கு முதலியவை அவை. அவற்றைத் தாங்குவது நெட் டிவைஸ் என்ற ஸ்டிரக்சர். டிரைவருக்கோ, தன் சிப்புக்கு மட்டுமே உரிய பிரத்தியேகச் செய்திகள் உண்டு. இன்ன ரிஜிஸ்டர் இன்ன இடத்தில் இருக்கிறது, இன்ன வரிசையில் இத்தனை பொட்டலங்கள் காத்திருக்கின்றன என்பன போன்றவை. மையப் பகுதியை எழுதியவர் டிரைவரின் அந்தரங்கத்தை அறியார். அறிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆகவே, "உனக்கு எத்தனை பைட் வேண்டும் என்று மட்டும் சொல், என் ஸ்டிரக்சருக்குப் பின்னால் உனக்கும் இடம் விட்டு வாங்கித் தருகிறேன்" என்பது மையப் பகுதி டிரைவரோடு செய்துகொண்ட உடன்படிக்கை.

வீராணம் ஏரிப் பாசனத்தில் வேளாண்மை செய்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரண்டு ஏக்கர் நஞ்சையை ஒரே பத்திரத்தில் அண்ணன் பெயருக்கு வாங்கி, மேல் பாதியை அண்ணனும் கீழ்ப் பாதியைத் தம்பியும் உழுகிறார்கள்; நடுவே ஒரு வரப்பு; தம்பிக்குத் தனிப் பட்டா கிடையாது. தம்பியின் நிலம் எங்கே என்று கேட்பவனுக்கு, அண்ணனின் எல்லைக்கல்லில் தொடங்கி, அவன் பங்கையும் வரப்பையும் தாண்டி அளந்துகொள் என்பதே பதில். அண்ணன் அந்தப் பத்திரத்தைக் கிரயம் செய்து கொடுத்துவிட்டால் தம்பியின் பங்கும் அதனோடு போய்விடும். நெட் டிவைஸ் அண்ணன், டிரைவரின் பிரத்தியேக ஸ்டிரக்சர் தம்பி, பேடிங்கே வரப்பு.

இந்த ஏற்பாட்டினால் விளையும் சௌகரியங்கள் அற்பமானவை அல்ல. இடம் கேட்பது ஒரு முறை; கிடைக்காமற் போனால் கையாள வேண்டிய தோல்வியும் ஒன்றே; திருப்பிக் கொடுப்பதும் ஒரு முறை. தம்பியின் முகவரியை எங்கும் எழுதி வைக்க வேண்டியதில்லை. அண்ணனின் முகவரியோடு ஒரு நிலையான எண்ணைக் கூட்டினால் போதும். முகவரியைத் தாங்கும் பாயின்டர் ஒன்றை நினைவகத்திலிருந்து எடுத்து வாசித்து அதன் வழியே போவதைக் காட்டிலும் ஒரு கூட்டல் மிக விரைவானது என்பதையும், விநாடிக்கு லட்சக்கணக்கான பொட்டலங்கள் வரும் வலைச்சாதனத்தில் அந்த வித்தியாசம் உணரத் தக்கது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இனிக் கணக்கை அருகில் வைத்துப் பார்ப்போம். அண்ணன் ஸ்டிரக்சரின் அளவு 1,000 பைட் என்றும் தம்பியின் அளவு 200 பைட் என்றும் வசதிக்காக எடுத்துக்கொள்கிறேன். லினக்ஸில் நெடுங்காலம் நிலவிய விதி, இருவரும் 32ஆல் வகுபடும் முகவரியிலேயே தொடங்க வேண்டும் என்பது. 1,000 என்பது 32ஆல் வகுபடாது; அதனோடு 31ஐக் கூட்டி, வரும் 1,031இன் இரும எண் வடிவில் கடைசி ஐந்து பிட்டுகளைப் பூஜ்யமாக்கினால் 1,024 கிடைக்கிறது. ஆகவே அண்ணன் தொடங்கும் இடத்திலிருந்து 1,024ஆவது பைட்டில் தம்பி தொடங்குவான். நடுவிலுள்ள 24 பைட்டும் பேடிங். இதோடு முடியவில்லை. கெர்னல் தரும் துண்டே 32ஆல் வகுபடும் முகவரியில் தொடங்கும் என்ற உறுதி அக்காலத்தில் இல்லாதபடியால், மேலும் 31 பைட் கூடுதலாகக் கேட்டு வாங்கினார்கள். ஆக மொத்தம் 1,255. துண்டு 4,016 என்ற முகவரியில் கிடைத்தது என்றால், அண்ணனை 16 பைட் தள்ளி 4,032இல் உட்கார வைப்பார்கள். தம்பி 5,056இல் தொடங்கி 5,255இல் முடிவான். இப்போது ஒரு நுட்பமான சிக்கல் எழுகிறது. இடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, கெர்னலிடம் 4,032 என்று சொல்லக் கூடாது; அது கொடுத்தது 4,016. எனவே, எத்தனை பைட் தள்ளி உட்கார்ந்தோம் என்ற அந்த 16ஐ, அண்ணனின் ஸ்டிரக்சருக்குள்ளேயே ஓர் உறுப்பில் குறித்து வைத்து, விடைபெறும் தருணத்தில் கழித்துக்கொண்டார்கள். இத்தனை விஸ்தாரமான ஏற்பாடும், படிப்பவர் கண்ணுக்கு வெறும் கூட்டலாகவும் கழித்தலாகவுமே தென்பட்டது. இரண்டு ஸ்டிரக்சர்கள் அங்கே சேர்ந்து வாழ்கின்றன என்று எந்த அறிவிப்பிலும் எழுதியிருக்கவில்லை. இதை மறவாதிருங்கள், இதுவே என் வழக்கின் ஆணிவேர்.

வைஃபை விஷயத்தில் இந்தக் குடும்பம் இன்னும் பெரியது. அதீராஸ் சிப்புகளுக்காக எழுதப்பட்டு 2008இல் கெர்னலுக்குள் வந்த ஏத்9கே என்ற டிரைவர், மேக்80211 என்னும் நடுப்பகுதியிடம் தன் அளவைச் சொல்லி இடம் கேட்கிறது; மேக்80211 தன் சொந்த ஸ்டிரக்சரின் அளவையும் அதனோடு கூட்டி, கன்ஃபிக்80211 என்ற மேற்பகுதியிடம் கேட்கிறது; அது தன் அளவையும் கூட்டிக் கெர்னலிடம் ஒரே துண்டாக வாங்குகிறது. கடைசியில் அத்துண்டில் அமைந்திருப்பது இது: முதலில் மேற்பகுதி பிறர் கண்ணுக்குக் காட்டாமல் வைத்திருக்கும் தன் பகுதி; அதன் வாலில் எல்லோரும் அறிந்த வைஃபி என்ற ஸ்டிரக்சர்; பிறகு பேடிங்; பிறகு மேக்80211இன் ஸ்டிரக்சர்; மறுபடியும் பேடிங்; இறுதியில் டிரைவரின் பங்கு. மேக்80211இன் மூல நிரலைத் திறந்து பார்ப்பவர், இந்த அமைப்பைக் கோடுகளாலான கட்டம் ஒன்றாக வரைந்து குறிப்பில் வைத்திருப்பதைக் காணலாம். டிரைவர் தன் பங்கை அடைய முன்னோக்கிக் கூட்டுகிறது; மேற்பகுதியோ, வைஃபியின் முகவரியிலிருந்து பின்னோக்கிக் கழித்துத் தன் மறைவிடத்தை அடைகிறது. ஒரே துண்டில் இரு திசையிலும் கணக்கு ஓடுகிறது. அந்த மறைவான ஸ்டிரக்சரில் வைஃபி கடைசி உறுப்பாகவே இருக்க வேண்டும் என்று, அதன் காரணத்தோடு, ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அதை அறியாமல் யாரேனும் அதற்குப் பின்னால் புதிதாக ஓர் உறுப்பைச் சேர்த்துவிட்டால், அந்த உறுப்பும் மேக்80211இன் முதற்பகுதியும் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும்.

குறிப்பு என்பது மனிதர் மனிதருக்கு எழுதும் வேண்டுகோள். கம்பைலர் அதை வாசிப்பதில்லை. அதனால் நேர்ந்த விபரீதங்களில் சிலவற்றைச் சொல்லுகிறேன்.

முதலாவது, கிரயம் முடிந்த பிறகும் தம்பி உழப் போவது. சாதனத்தைக் கழற்றும்போது டிரைவர் நெட் டிவைஸை விடுவிக்கிறது. அதன் பின், தன் பிரத்தியேக ஸ்டிரக்சரில் குறித்து வைத்திருந்த ரிஜிஸ்டர் முகவரியை எடுத்து அதையும் விடுவிக்கப் பார்க்கிறது. இரண்டும் வெவ்வேறு பெயருள்ள பாயின்டர்கள். ஒன்றை விடுவித்தால் மற்றொன்றும் போய்விடும் என்று அந்த வரிகளைப் பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் தோன்றாது. இந்த ஒரே வகைப் பிழை வெவ்வேறு டிரைவர்களில் அகப்பட்டு, 2021ஆம் ஆண்டில் மட்டும் பல திருத்தங்கள் அடுத்தடுத்து வந்தன. அவற்றை எழுதியவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று நான் கருதவில்லை. உரிமை எங்கே தங்கியிருக்கிறது என்பதை நிரல் வெளிப்படையாகச் சொல்லாதபோது, கவனமுள்ளவரும் தவறவே செய்வார்.

இரண்டாவது, அயலான் நிலத்தைத் தன் தம்பியின் நிலமென்று அளப்பது. கணினியில் ஏதேனும் ஒரு வலைச்சாதனம் இயங்கத் தொடங்கினால், அறிவிப்புக் கேட்டிருக்கும் எல்லா டிரைவர்களுக்கும் கெர்னல் செய்தி அனுப்புகிறது. அச்செய்தியில் வரும் நெட் டிவைஸ் தன்னுடையதா, வேறு டிரைவருடையதா என்று பாராமலே கூட்டல் கணக்கைப் போட்டுவிட்டால், அங்கே இருப்பது முற்றிலும் வேறான ஒரு ஸ்டிரக்சர். அதன் பைட்டுகளைத் தன் எண்களாகவும் தன் பாயின்டர்களாகவும் பாவித்து இந்த டிரைவர் காரியம் செய்யத் தொடங்கும். கணக்கின் விடை எந்த வகை ஸ்டிரக்சரின் முகவரி என்று சொல்லப்படாத வெற்றுப் பாயின்டராகவே வருவதால், கம்பைலர் ஒரு முணுமுணுப்பும் காட்டாது. கணினி உடனே நின்றுவிட்டால் அது பாக்கியம். நிற்காமல், பிழையான எண்ணை எங்கோ எழுதிவிட்டு, அரை மணி கழித்துச் சம்பந்தமில்லாத வேறோர் இடத்தில் விழுந்தால், காரணத்தைத் தேடுவோர் படும் பாடு சொல்லுந்தரமன்று.

மூன்றாவது வகை, அக்கம்பக்கத்தால் மட்டுமே வருவது. சில சிப்புகள், பிராசஸரைக் கேளாமல் நேராக நினைவகத்தில் எழுதவல்லவை. அதற்கு டிஎம்ஏ என்று பெயர். பிராசஸரோ நினைவகத்தைப் பைட் பைட்டாக வாசிப்பதில்லை. 64 பைட் கொண்ட கேஷ் வரி என்ற அளவில் மொத்தமாக அள்ளித் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. ஆர்ம் வகைப் பிராசஸர்களில் 128 பைட் என்று எச்சரிக்கையாகக் கணக்கிடுவதும் உண்டு. சிப்பு எழுதும் இடமும், டிரைவர் அடிக்கடி மாற்றும் ஒரு சிறு எண்ணும் ஒரே கேஷ் வரியில் அருகருகே அமைந்துவிட்டன என்று வையுங்கள். கேஷையும் டிஎம்ஏவையும் வன்பொருளே ஒத்திசைய வைக்காத கணினிகளில், சிப்பு புதிய தரவை எழுதி முடித்த பின், பிராசஸர் தன்னிடமுள்ள பழைய வரியைத் திரும்ப நினைவகத்தில் எழுதி, வந்த தரவை அழித்துவிடக் கூடும். இங்கே எந்த உறுப்பும் மற்றொன்றின் எல்லைக்குள் ஒரு பைட்கூடப் புகவில்லை. பக்கத்தில் இருந்ததுதான் குற்றம். நம்முடைய மடிக்கணினிகளில் வன்பொருளே இந்த ஒத்திசைவைக் கவனித்துக்கொள்வதால் அங்கே சோதிப்பவருக்கு இது தெரிய வராது. சிறு ரௌட்டர்களிலும் ஆர்ம் பலகைகளிலும் வெளிப்படும்.

இந்த இடத்தில் நம் தேசத்தாரின் முயற்சி ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி அவர்களின் தலைமையில் உருவான சக்தி பிராசஸர், ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த விதிமுறையைத் தழுவியது. 2018இல் அதன் சிப்பில் லினக்ஸ் இயங்கிற்று. அதே ஆண்டில் மொகாலியிலுள்ள அரசாங்கக் குறைகடத்திக் கூடத்திலும் 180 நானோமீட்டர் முறையில் அதன் சிப்பு வார்க்கப்பட்டது. இன்டெல் வகை பிராசஸர்கள், அலைன்மென்ட் தவறிய முகவரியை வாசிக்கச் சொன்னாலும் பெரும்பாலும் சகித்துக்கொண்டு வாசித்துவிடும். ரிஸ்க்-ஃபைவ் விதிமுறையோ, அத்தகைய வாசிப்பை வன்பொருளே நிறைவேற்றலாம், அல்லது வேலையை நிறுத்தி மேலதிகாரமுள்ள மென்பொருளிடம் முறையிடலாம் என்று இரண்டையும் அனுமதிக்கிறது. பின்னதானால், ஒரே கட்டளையில் முடிய வேண்டிய காரியம் நூற்றுக்கணக்கான கட்டளைகளாக நீளும். ஆகவே இன்டெல் கணினியில் மட்டும் ஓட்டிப் பார்த்து, அலைன்மென்ட் கணக்கை அலட்சியம் செய்து எழுதிய டிரைவர், நாளை நம் சொந்தச் சிப்பில் வந்து தடுமாறும். சொந்தமாகப் பிராசஸர் செய்ய முற்பட்ட தேசத்துக்கு, அதற்குரிய டிரைவர்களைச் சுத்தமாக எழுதவல்ல இளைஞர்கள் வேண்டும்; அவர்கள் சென்னையிலிருந்துதான் வர வேண்டும் என்ற நியதி ஏதும் இல்லை.

பரிகாரம் என்ன? பழைய சி நிரலாளர்கள், ஸ்டிரக்சரின் வாலில் ஒரே ஓர் இடமுள்ள வரிசையை எழுதி, நடைமுறையில் அதற்கு அப்பாலும் இடம் வாங்கி உபயோகித்து வந்தார்கள். மொழியின் சட்டம் அதை ஒப்புக்கொண்டதா என்பது சந்தேகத்துக்கிடமான பிரயோகம். 1999ஆம் ஆண்டின் சி தரநிர்ணயம் அதற்கு நேர்மையான வழி வகுத்தது. ஸ்டிரக்சரின் கடைசி உறுப்பாக, அளவு குறிப்பிடாத வரிசை ஒன்றை அறிவிக்கலாம் என்றும், அதற்கு எத்தனை இடம் என்பது ஒதுக்கும்போது தீர்மானிக்கப்படும் என்றும் அது விதித்தது. இவ்வளவு தெளிவான வசதி கைவசம் இருந்தும், நெட் டிவைஸ் பழைய சம்பிரதாயப்படியே கூட்டலையும் கழித்தலையும் நம்பி நெடுங்காலம் வாழ்ந்தது. 2024இல்தான் அதன் கடைசி உறுப்பாகப் பிரத்தியேகப் பகுதி வெளிப்படையாக எழுதப்பட்டது. அது கேஷ் வரியின் எல்லையில் தொடங்க வேண்டும் என்பதும், அதன் நீளத்தை இன்ன உறுப்பு சொல்லுகிறது என்பதும் அறிவிப்பிலேயே இடம் பெற்றன. கூட்டல் கணக்கு கம்பைலரின் பொறுப்பாயிற்று. தள்ளி உட்கார்ந்த தூரத்தைக் குறித்து வைக்கும் அந்தப் பழைய உறுப்புக்கு வேலை இல்லாமற் போயிற்று. கெர்னலே 2019 முதல், 1,024, 2,048 என்று இரண்டின் அடுக்காகக் கேட்கும் துண்டுகளை அந்தந்த அளவால் வகுபடும் முகவரியில் தருவதாக வாக்களித்திருந்ததும் இந்த வழியைச் சுலபமாக்கியது.

இம்மாற்றம் வெளியிலிருந்து பார்ப்பவர்க்குப் புலப்படாது. எந்த மடிக்கணினியும் இதனால் கண்ணுக்குத் தெரியும்படி வேகம் பெறவில்லை. என் அபிப்பிராயத்தில், அவ்வாண்டில் அந்தக் கெர்னலுக்கு நேர்ந்த நன்மைகளுள் இது தலையாயவற்றில் ஒன்று. ஏனெனில் அதுவரை சிலருடைய ஞாபகத்தில் மட்டும் வாழ்ந்த ஒரு ஏற்பாடு, அன்று முதல் ஊரறிந்த ஆவணமாயிற்று. நீளம் அறிவிக்கப்பட்டிருப்பதால், எல்லை மீறி எழுதுவதை ஓடும்போதே கண்டு நிறுத்தக் கம்பைலரால் முடிகிறது. விடுவித்த பின் உபயோகிக்கும் பிழையையும், அயலான் நிலத்தை அளக்கும் பிழையையும் இது தீர்க்கவில்லை என்பதை ஒளிக்க வேண்டியதில்லை; அவற்றுக்கு, பிரத்தியேகச் செய்தியைப் படிக்கும் முன் சாதனம் தன்னுடையதுதானா என்று ஒப்பிடுவதும், விடுவிப்பதைக் கடைசி வரியாக வைப்பதும் தவிர வேறு மருந்து இல்லை.

இம்மாற்றத்துக்கு முன்னே ஒரு பெரும் சீர்திருத்த வேலையும் நடக்க வேண்டியிருந்தது. சில டிரைவர்கள் உறவையே தலைகீழாக வைத்திருந்தன. நெட் டிவைஸைத் தங்கள் ஸ்டிரக்சரின் நடுவில் ஓர் உறுப்பாகப் பதித்துக்கொண்டிருந்தன. வாலில் அளவற்ற வரிசையுள்ள ஒன்றை மற்றொன்றின் நடுவில் பதித்தால், அதற்கடுத்த உறுப்பு எங்கே நிற்கும்? எனவே அந்த டிரைவர்களை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே பதித்த நெட் டிவைஸைப் பெயர்த்து, அதற்குத் தனி இடம் கேட்டு வாங்கும்படி திருத்தினார்கள். 2024இல் வெளிவந்த ஜிசிசி 14 என்ற கம்பைலர், இப்படி நடுவில் பதிக்கப்பட்ட ஸ்டிரக்சரைக் கண்டால் எச்சரிக்கும் வசதியோடு வந்தது. அந்த எச்சரிக்கையைக் கெர்னல் முழுவதற்கும் நிரந்தரமாக இயக்கி வைக்கும் நோக்கத்தோடு, இடம் இடமாகத் திருத்தங்கள் நடந்து வருகின்றன. வைஃபி கடைசியில்தான் இருக்க வேண்டும் என்று குறிப்பில் கேட்டுக்கொண்ட அந்த வேண்டுகோளையும் அப்போது கம்பைலரே காவல் காக்கும்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பாஹோல் என்ற சிறு கருவி ஒன்று லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. டிபக் தகவலோடு கம்பைல் செய்த எந்த நிரலையும் அதனிடம் கொடுத்தால், ஒவ்வொரு ஸ்டிரக்சரின் ஒவ்வொரு உறுப்பும் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, எங்கெங்கே எத்தனை பைட் வெறுமையாகக் கிடக்கிறது என்பதை வரி வரியாக அச்சிட்டுக் காட்டும். முதலில் எழுத்து, எண், எழுத்து என்ற அந்த மூன்று உறுப்பு ஸ்டிரக்சரை எழுதிக் கொடுத்துப் பாருங்கள்; பின்னர் எண்ணை முன்னால் மாற்றி வைத்தும் கொடுங்கள். பன்னிரண்டையும் எட்டையும் கண்ணால் கண்ட பிறகு, நெட் டிவைஸைக் கொடுங்கள். அதன் வாலில் பிரத்தியேகப் பகுதி எந்த பைட்டில் தொடங்குகிறது என்று பார்த்து, அது 64ஆல் வகுபடுகிறதா என்று நீங்களே வகுத்துக்கொள்ளலாம்.